கொன்றை டீச்சரின் இடது காது

மூங்கிலோடைக் காட்டில் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. அந்த ஒரே மரத்தில் இரண்டு பள்ளிக்கூடங்கள் நடந்தன. கீழே நிழலில் புள்ளிமான் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம். மேலே கிளைகளில் குரங்குக் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம்.

கீழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை கொன்றை என்ற பெண்மான். காடே அவரைக் கொன்றை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நாமும் மரியாதையாக அப்படியே கூப்பிடுவோம். மேல் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் வாலப்பன் என்ற கரிமூஞ்சிக் குரங்கு. அவருக்கு வால் எவ்வளவு நீளமோ, வாயும் அவ்வளவு நீளம்.

கொன்றை டீச்சர் நடத்தியது ஒரே ஒரு பாடம். சிறுத்தையின் வாடையை மோப்பம் பிடிக்கும் பாடம். ஒன்றே ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். அதில் கோட்டை விட்டால், அடுத்த பாடம் படிக்கப் பிள்ளை இருக்காது.

மலை உச்சிவரை ஏறி, சிறுத்தை படுத்துப் புரண்ட இடத்திலிருந்து ஒரு வாய் புல்லை டீச்சரே கடித்து எடுத்து வருவார். வழியெல்லாம் அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதை யாருக்கும் தெரியாமல் ஒரு புதருக்குப் பின்னால் போடுவார். பிறகு ஒன்றும் அறியாதவர்போல் வந்து வகுப்பின் முன்னால் நிற்பார். குட்டிகள் மேய்ந்துகொண்டிருக்கும். வாடை மூக்கில் பட்டதும் முன்னங்காலால் தரையைத் தட்ட வேண்டும். பிறகு, வாடை வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. குட்டிகள் மேய்ந்தன. டீச்சர் நின்றார். கொஞ்ச நேரத்தில் டக் டக்கென்று குளம்புகள் தட்டின. அத்தனை குட்டிகளும் ஒரே பாய்ச்சலில் எதிர்ப்பக்கத்து மூங்கில் கூட்டத்துக்குள் போய் மறைந்தன.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார். "பார்த்தீங்களா வாத்தியாரே? இன்னிக்கும் ஒரு குட்டிகூடப் பின்தங்கல."

வாலப்பன் வாத்தியார் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிக்கிற மாதிரி சொன்னா கோவிச்சுக்குவேன். சொல்லுங்க."

"காத்து இன்னிக்கு எந்தப் பக்கமா அடிக்குது?"

"இதென்ன கேள்வி?"

"நான் சும்மா இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன். எல்லா இலையும் பறந்து போய் அந்தப் புதர்கிட்டதான் விழுந்துச்சு. அப்படின்னா குட்டிங்க வாடைதான் புதருக்குப் போகும். புதருக்குப் பின்னாடி கிடக்கிற புல்லு வாடை குட்டிங்களுக்கு எப்படி வரும்?"

டீச்சரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "என் பிள்ளைங்க மூக்கு அவ்வளவு கூர்மை."

"காத்துக்கு எதிரா வர்ற வாடையைப் பிடிக்கிற மூக்கை நான் பார்த்ததே இல்ல டீச்சர். ஆனா ஒண்ணு பார்த்தேன். ஓடுறதுக்கு முன்னாடி எல்லாக் குட்டியும் ஒரே இடத்தைப் பார்த்துச்சு. புதரை இல்ல. உங்களை. 'இந்நேரம் வாடை வந்திருக்கும்'னு உங்களுக்குத் தோணுறப்ப உங்க இடது காது லேசா மடங்குது. அது மடங்குனதும் குட்டிங்க ஓடுது."

டீச்சருக்குத் திக்கென்றது. ஆனால் திக்கென்றதை ஒத்துக்கொள்ள மனம் வருமா? அவர் புள்ளிகள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

"மரத்துல தொங்கிக்கிட்டு இருக்கிற உங்களுக்கு மோப்பத்தைப் பத்தி என்ன தெரியும்? நானும்தான் உங்க பாடத்தைத் தினம் கீழேருந்து கேக்குறேன். 'எந்தக் கிளை தாங்கும்?' அப்படீன்னு கேப்பீங்க. குட்டிங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள 'பச்சைக் கிளை தாங்கும்'னு நீங்களே சொல்லுவீங்க. 'எந்தக் கிளை முறியும்?' கேக்குறதும் நீங்க, 'காய்ஞ்ச கிளை முறியும்'னு சொல்றதும் நீங்க. உங்க குட்டிங்களுக்குக் குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது!"

வாலப்பன் வாத்தியாருக்குக் கை நழுவியது. நல்லவேளை, வால் பிடித்துக்கொண்டது. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காலையிலிருந்து மாலைவரை பேசுகிற அந்த வாய் மூடிக்கொண்டதை அன்றுதான் மரமே முதன்முதலாகப் பார்த்தது.

டீச்சர் விறுவிறுவென்று ஓடைக்குப் போனார். ஓடை வற்றிப்போய் ஒரு குழியில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தார். இடது காது நேராக நின்றது. சிறுத்தையை மனதில் நினைத்துப் பார்த்தார். காது அசையவில்லை. "அந்தக் குரங்குக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிக்கொண்டார். தன்னைத் தானே உற்றுப் பார்க்கும்போது யார் காதுதான் மடங்கும்? அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த விஷயம் ஏன் இவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காட்டு மான் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கோடையில் ஓடை வற்றியதும், குட்டிகள் தாய்மார் துணையில்லாமல் தாங்களாகவே ஆனைக்குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். அதற்குத் தனித்தண்ணீர் என்று பெயர். தாய்மான்களும் டீச்சரும் தூரத்து மேட்டிலேயே நின்றுவிடுவார்கள். அம்மாவின் காலை ஒட்டியே நடக்கிற குட்டி தன் மூக்கை நம்பாது என்பதால் இந்த ஏற்பாடு.

தனித்தண்ணீருக்குப் போய்க் கொன்றை டீச்சரின் குட்டி ஒன்றுகூடத் திரும்பாமல் இருந்ததில்லை. அதனால்தான் கூட்டத்தில் அவருக்கு அத்தனை மரியாதை. இந்த வருஷம் தனித்தண்ணீர் நாள் வருவதற்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அதோடு இன்னொரு சேதியும் காட்டில் அடிபட்டது. ஆனைக்குளத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு சிறுத்தை புதிதாகக் குடிவந்திருக்கிறதாம்.

அன்று மாலை டீச்சர் படுத்தபடி அசைபோட்டார். மான் புல்லை மட்டுமா அசைபோடும்? காலையில் நடந்த பாடத்தையும் அசைபோட்டார். இலைகள் எந்தப் பக்கம் விழுந்தன என்று நினைத்துப் பார்த்தார். ஆமாம், புதர்ப் பக்கம்தான். அப்போது தன் முதுகில் காற்று பட்டதா, முகத்தில் பட்டதா? முதுகில்தான் பட்டது. டீச்சருக்குப் புதரைப் பார்த்தபடி நின்ற ஞாபகம் நன்றாகவே இருந்தது. அப்படியானால் குரங்கு சொன்னதுதான் சரி. வாடை வர வழியே இல்லை. அப்புறம் எதற்காகக் குட்டிகள் ஓடின?



மறுநாள் காலை வாலப்பன் வாத்தியார் மரத்தின் கடைசிக் கிளைவரை இறங்கி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. ஏதாவது குத்திக் காட்டப் போகிறார் என்று டீச்சர் முறைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நீங்க சொன்னது சரிதான்."

"என்ன சொன்னேன்?"

"காலையில வகுப்புல ஒரு கேள்வி கேட்டேன். கேட்டுட்டு என் வாயை என் கையாலயே பொத்திக்கிட்டேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எந்தக் கிளை தாங்கும்னு கேட்டிருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு குட்டி கையைத் தூக்கி, 'காய்ஞ்ச கிளைதான் தாங்கும் சார், அதுல வழுக்காது'ன்னு சொல்லுச்சு. மத்த குட்டிங்க எல்லாம் 'ஆமா ஆமா'ன்னு தலையாட்டுச்சு."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காய்ஞ்ச கிளையா?"

"காய்ஞ்ச கிளைதான். பச்சைக் கிளைன்னு எத்தனை தடவை தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன்! நான் சொன்னேன், அவ்வளவுதான். அதுங்க காதுல ஒண்ணும் ஏறல. நேத்து நீங்க சொல்லாம விட்டிருந்தீங்கன்னா, ஒருநாள் அந்தக் குட்டி என் கண்ணு முன்னாடியே கீழ விழுந்திருக்கும். கோவத்துலதான் சொன்னீங்க. ஆனா சொன்னீங்களே, அதுக்கு உங்களைக் கும்பிடணும்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பழிக்குப் பழி என்று தான் எறிந்ததை இவர் பொறுக்கி எடுத்துப் பாடமாக்கிக்கொண்டார். தானோ, அவர் நல்ல மனதோடு சொன்னதைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வாத்தியாரே, எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? அந்தப் புல்லை இன்னிக்கு நீங்க எடுத்துட்டு வந்து போடுங்க. காத்து புல்லுலேருந்து குட்டிங்க பக்கம் வர்ற மாதிரி பார்த்துப் போடுங்க. நான் குட்டிங்க கண்ணுல படாம மரத்தடிப் பாறைக்குப் பின்னாடி நிக்கிறேன்."

குரங்குக்குக் கை இருப்பது எவ்வளவு சௌகரியம்! வாலப்பன் வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கை நிறையப் புல்லைக் கொண்டுவந்தார். இலையைப் பறக்கவிட்டுக் காற்றைப் பார்த்தார். சரியான இடத்தில் போட்டார். காற்று நல்ல வேகமாகவே வந்தது. பாறைக்குப் பின்னால் இருந்த டீச்சருக்கே அந்த வாடை எட்டியது.

குட்டிகள் மேய்ந்தன. ஒரு தலைகூட நிமிரவில்லை. ஒரு குளம்புகூடத் தட்டவில்லை.

குட்டிகளில் சுண்டை என்று ஒன்று உண்டு. எதைக் கண்டாலும் வாயில் போடுகிற குட்டி. அது மேய்ந்துகொண்டே போனது. அந்தப் புல் கிடந்த இடத்துக்கே போனது. முகர்ந்தது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது ஓடும், இதோ ஓடும் என்று பார்த்தார்.

சுண்டை அந்தப் புல்லைக் கடித்துத் தின்றது.

"கொஞ்சம் உப்பா இருக்கு. நல்லாத்தான் இருக்கு. யாருக்காவது வேணுமா?" என்று மற்ற குட்டிகளைக் கூப்பிட்டது.

டீச்சர் பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். சிறுத்தையின் வாடை வீசும் புல்லை, தான் படிப்பித்த பிள்ளை, தின்பண்டம்போல மென்றுகொண்டு நிற்கிறது. கூட்டமே தலையில் வைத்துக் கொண்டாடும் டீச்சரின் பிள்ளை!

அவர் ஓடி வந்தார். "சுண்டை, துப்பு! துப்பு முதல்ல! அது சிறுத்தை வாடை. உனக்குத் தெரியலையா?"

சுண்டை திருதிருவென்று விழித்தது. "அப்படியா டீச்சர்? இதுதானா அது?"

"இத்தனை நாள் எதை வச்சுடா ஓடுனீங்க?"

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பூளை என்ற சின்னப் பெண்குட்டி முன்னால் வந்தது. அதன் முகத்தில் கள்ளமே இல்லை. "உங்க காது மடங்கினா ஓடணும் டீச்சர். அதுதானே பாடம்?"

"யார் சொன்னா அப்படி?"

"போன கோடையில படிச்ச அக்காங்க சொன்னாங்க. அவங்களுக்கு அதுக்கு முன்னாடி படிச்சவங்க சொன்னாங்களாம். 'ரொம்பச் சுலபமான பாடம், காதை மட்டும் பார்த்துக்கோங்க'ன்னாங்க."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த வருஷத்துக் குட்டிகள் மட்டும் இல்லையா? போன வருஷமும் அப்படித்தானா? அதற்கு முந்தின வருஷமும்? அத்தனை பேரும் தனித்தண்ணீருக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தார்களே! எப்படி வந்தார்கள்?

பதிலும் உடனே தோன்றியது. இத்தனை வருஷமாக ஆனைக்குளத்துப் பக்கம் சிறுத்தையே கிடையாது. மலை உச்சியில் ஒரு கிழட்டுச் சிறுத்தை இருந்தது. அது கீழே இறங்குவதே இல்லை. பிள்ளைகள் திரும்பி வந்தது அவர் பாடத்தால் அல்ல. அங்கே ஆபத்து இல்லாததால். அதனால் கிடைத்த பேரை அவர் இத்தனை நாள் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

இப்போதோ குளத்தங்கரையில் சிறுத்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குப் பிள்ளைகள் போயாக வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் டீச்சரின் மனதில் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. நாளைக்கு மேட்டின் நுனியில், குட்டிகளின் கண்ணில் படும்படி நின்றுகொண்டால் என்ன? ஆபத்து என்றால் காதை மடக்கிக் காட்டிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. பேரும் கெடாது. இப்படி நினைத்த மாத்திரத்தில் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சுண்டையின் வாயோரத்தில் இன்னும் அந்தப் புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் நாவல் மரத்தடியில் தாய்மான்கள் கூடின. கூட்டத்துக்குத் தலைவி ஆவாரை என்ற மூத்த மான். சுண்டை அதன் பேரன்.

"என்ன டீச்சர், நாளைக்குப் பிள்ளைங்க தயாரா?" என்று ஆவாரை கேட்டது.

"இல்ல. தயாரா இல்ல. என் பிள்ளைங்க யாருக்கும் சிறுத்தை வாடை தெரியாது."

டீச்சர் ஒன்றையும் மறைக்கவில்லை. காற்றைச் சொன்னார், காதைச் சொன்னார், சுண்டை புல்லைத் தின்றதையும் சொன்னார்.

ஆவாரைக்குக் கண்கள் நிலைகுத்தின. "என் பேரன் தின்னானா? சிறுத்தைப் புல்லையா?"

"உப்பா இருக்குன்னு சொன்னான்."

பின்வரிசையில் நின்ற இளம் தாய்மான்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. அவையும் கொன்றை டீச்சரிடம் படித்தவைதான். ஒன்று மெல்லச் சொன்னது: "நானும் காதைத்தான் பார்த்து ஓடினேன். எனக்கும் அந்த வாடை எப்படி இருக்கும்னு தெரியாது."

இதைக் கேட்டதும் கூட்டமே ஆடிப்போயிற்று. ஒரு தாய் அழுதது. இன்னொன்று, "இத்தனை வருஷமா எங்க பிள்ளைங்க உசிரோட விளையாடியிருக்கீங்களே! இனிமே நீங்க பாடமே நடத்த வேண்டாம்" என்று சீறியது.



அப்போது மரத்திலிருந்து வாலப்பன் வாத்தியார் தொப்பென்று குதித்தார். "நான் உங்க கூட்டம் இல்ல. ஆனாலும் ஒரு வார்த்தை. என் குட்டிங்க காய்ஞ்ச கிளைதான் தாங்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. நான் தெரிஞ்சா செஞ்சேன்? டீச்சரும் தெரிஞ்சு செய்யல. தன் காதைத் தானே பார்க்க யாரால முடியும்? அதைப் பார்க்க இன்னொரு ஆள் வேணும். அவங்க பாடத்தை நான் பார்க்கிறேன், என் பாடத்தை அவங்க பார்க்கட்டும். கொஞ்சம் தவணை குடுங்க."

ஆவாரை டீச்சரின் பக்கம் திரும்பியது. "பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். சொல்லல. அதுக்காக ஒத்துக்கிறேன்" என்றது. "அமாவாசை வரைக்கும் பிள்ளைங்க எங்ககூடவே வந்து தண்ணி குடிக்கட்டும். அதுக்கப்புறம் தனித்தண்ணி. இளம் தாய்மாருங்களும் போய் வகுப்புல உக்காருங்க."

மறுநாளிலிருந்து பாடம் தலைகீழாக மாறியது. புல்லை வாலப்பன் வாத்தியார் கொண்டுவந்தார். எங்கே போட்டார் என்று டீச்சருக்கே சொல்லவில்லை. டீச்சருக்கே தெரியாவிட்டால் காது எதற்கு மடங்கும்? அவர் குட்டிகளுக்கு முன்னால் நிற்பதையும் விட்டுவிட்டார். குட்டிகளோடு குட்டியாக நின்று தானும் மோப்பம் பிடித்தார்.

முதல் நாள் ஒரு அதிசயம் நடந்தது. பூளை குளம்பைத் தட்டிய பிறகுதான் டீச்சருக்கே வாடை தெரிந்தது. எப்போதும் புல் கிடக்கும் இடம் தெரிந்தே நின்றவர் அல்லவா? அவர் மூக்கும் துருப்பிடித்துப் போயிருந்தது. "நானும் உங்ககூடத்தான் படிக்கணும் போலிருக்கு" என்று அவர் சொன்னதும் குட்டிகள் வாயடைத்துப் போயின. டீச்சர்கூடப் படிப்பார் என்று அதுவரை அவற்றுக்கு யாரும் சொன்னதில்லை.

பாடம் முடிந்ததும் இரண்டு ஆசிரியர்களும் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள். "இன்னிக்குச் சுண்டையை மட்டும் மூணு தடவை அதட்டுனீங்க. அதட்டுனதும் அவன் மோப்பம் பிடிக்கிறதையே விட்டுட்டான்" என்பார் வாத்தியார். டீச்சருக்கு முதலில் சுருக்கென்று இருக்கும். பிறகு அசைபோடுவார். மறுநாள் அதட்டமாட்டார். வாத்தியார் வகுப்பில் கேள்வி கேட்டால் டீச்சர் கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார். வாத்தியார் அவசரப்பட்டுப் பதிலைச் சொல்ல வாயெடுத்தால், டக்கென்று குளம்பைத் தட்டுவார். வாத்தியார் உடனே வாயைப் பொத்திக்கொள்வார். கொஞ்ச நாளில் மரத்தின் மேலிருந்து குட்டிகளின் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அப்பப்பா, என்ன கூச்சல்!

அமாவாசை வந்தது. தனித்தண்ணீர் நாளும் வந்தது.

குட்டிகள் மேட்டிலிருந்து இறங்கிக் குளத்தை நோக்கி நடந்தன. தாய்மான்கள் மேட்டில் நின்றன. டீச்சரும் நின்றார். பக்கத்து மரத்தில் வாலப்பன் வாத்தியார் தொற்றிக்கொண்டிருந்தார். காற்று அவர்கள் முதுகுப் பக்கமிருந்து குளத்தை நோக்கி வீசியது. டீச்சரின் கண்கள் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பாறையிலேயே இருந்தன. சிறுத்தையின் வீடு அங்கேதானே. பாறையில் அசைவே இல்லை.

குட்டிகள் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. தலையைக் குனிந்து தண்ணீரில் வாயை வைத்தன.

டக்.

ஒரு குளம்பு தட்டியது. சுண்டையின் குளம்பு. தலையைத் தூக்கி மேட்டின் பக்கமாகவே மோப்பம் பிடித்தது. டக் டக் டக்கென்று எல்லாக் குட்டிகளும் தட்டின. அடுத்த நொடி மேட்டுக்கு எதிர்ப்பக்கமாக, அந்தப் பாறையை நோக்கியே, பாய்ந்து ஓடின.

டீச்சர் கத்தினார். "ஐயோ, அந்தப் பக்கம் இல்ல! சிறுத்தை வீடு அங்கதான் இருக்கு!"

"ஒண்ணும் இல்லாததுக்கு ஓடுதுங்களே. அதுவும் பாறைப் பக்கமா ஓடுதுங்களே" என்று ஆவாரை அலறியது. "நீங்க சொல்லிக் குடுத்த லட்சணம் இதுதானா டீச்சர்?"

எல்லாம் போயிற்று, தானே பிள்ளைகளைக் கொன்றுவிட்டோம் என்று டீச்சர் நினைத்தார். கால்கள் தாமாகவே மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கின. இரண்டடி வைத்திருப்பார்.

அவருக்கு நேர் கீழே, மேட்டின் அடிவாரத்து உயரப் புல்லிலிருந்து, சிறுத்தை எழுந்து நின்றது.

குட்டிகள் மேட்டிலிருந்து இறங்கிக் கடந்துபோன பிறகு, ஓடைப் பள்ளத்தின் வழியாக அது ஊர்ந்து வந்து படுத்திருக்கிறது. பாறையில் அது இல்லவே இல்லை. மேட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் படுத்து, குட்டிகள் தண்ணீர் குடித்துவிட்டுத் தாய்மாரிடம் திரும்பி வரும் வழியைப் பார்த்துக் காத்திருக்கிறது. காற்று அதன் வாடையைக் குளத்துக்குத்தான் கொண்டுபோனது. மேட்டில் நின்ற எந்த மானின் மூக்குக்கும் அது எட்டவில்லை. மரத்திலிருந்த குரங்கின் கண்ணுக்கும் உயரப் புல்லுக்குள் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளின் மூக்குக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

சிறுத்தை ஓடிப்போன குட்டிகளைப் பார்த்தது. எட்டாத தூரம். மேட்டில் உறைந்து நின்ற பெரிய மான்களைப் பார்த்தது. வாலப்பன் வாத்தியார் அதற்குள் காடே அதிரும்படிக் கத்தத் தொடங்கிவிட்டார். திட்டம் பாழானது என்று சிறுத்தைக்குப் புரிந்தது. அது முனகிக்கொண்டே பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது.

சுற்றுவழியாகக் குட்டிகள் மேட்டுக்கு ஏறி வந்தன. மூச்சிரைக்க, மேலெல்லாம் முள் கீறியபடி, ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தன. சுண்டை நேராகத் தன் டீச்சரிடம் ஓடி வந்தது.

"டீச்சர், அதே உப்பு வாடை! நம்ம மேட்டுப் பக்கத்துலேருந்தே வந்துச்சு. நீங்க எல்லாரும் இங்கதான் நின்னீங்க. இருந்தாலும் மூக்கு சொன்னதைத்தான் கேட்டேன். தப்பா டீச்சர்?"

"தப்பே இல்லடா கண்ணு" என்றார் டீச்சர். கண்ணீர் புள்ளிகளின் மேல் வழிந்தது.

ஆவாரை தன் பேரனை நக்கிக்கொண்டே நின்றது. பிறகு டீச்சரின் முன்னால் வந்து தலையைத் தாழ்த்தியது.

எல்லோரும் கலைந்து போன பிறகு டீச்சர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"வாத்தியாரே, பிள்ளைங்க ஓடுறதுக்கு முன்னாடி என் இடது காது எப்படி இருந்துச்சு?"

வாலப்பன் வாத்தியார் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். இப்போதெல்லாம் அவருக்கு அது கைவந்திருந்தது.

"நேரா நின்னுச்சு டீச்சர். கொஞ்சம்கூட மடங்கல. அதைப் பார்த்துக்கிட்டு நின்னிருந்தா, ஒரு பிள்ளையும் ஓடியிருக்காது. நேரா நம்மகிட்டதான் வந்திருக்கும்."



தன் பாடத்தில் உள்ள குறையைத் தன் கண்ணால் பார்க்க முடியாது. உடன் வேலை செய்கிறவர் பார்த்துச் சொல்வதைக் கோபம் தணிந்து கேட்டு, உட்கார்ந்து யோசித்து, தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆசிரியரின் பிள்ளைகளே பிழைத்துக்கொள்வார்கள்.